பன்றி அல்ல

முதல் முறை நெட் போனபோது இடி என்றார்கள்.
லாபிஸில் இடி இல்லாத சாயங்காலம் ஏது,
நானும் நம்பினேன்.
இரண்டாம் முறை வானம் வெளுத்துக் கிடந்தது.
மூன்றாம் முறை, தோட்டத்து ஓரம்
காட்டுப்பன்றி கேபிளைக் கிளறியிருக்கும் என்று எழுதி
தலைமை அலுவலகம் புகாரை மூடியது.

ஆகஸ்ட் மூன்று. பதினான்கு. இருபத்தைந்து.
எந்தப் பன்றி
பதினோரு நாளுக்கு ஒருமுறை
கணக்காய்ப் பசித்து வரும்?

நெட் போனால் இந்த ஊரில் முதலில் நிற்பது
செம்பனை ஆலையின் எடைப்பாலம்.
லாரிக்குப் பின்னால் லாரி, ரயில் கேட் வரைக்கும்.
வெட்டிய குலை காத்திருக்காது,
எண்ணெயில் புளிப்பேறும்.
கையால் எடை எழுத அனுமதி இல்லை என்று
கிராணி சர்குணன் வெறுங்கையை விரிக்கிறார்.
ஷஃபீக்குல் ஊருக்கு அனுப்பிய முந்நூறு வெள்ளி
இங்கும் இல்லை, டாக்காவிலும் இல்லை,
போன் திரையில் வட்டமாய்ச் சுற்றுகிறது.
கோப்பிக் கடை ஆ ஹெங் மட்டும்
க்யூஆர் அட்டையைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு
இழுப்பறையிலிருந்து 555 நோட்டை எடுத்தார்.
என் கணக்கில் ஒரு தே தாரிக், ஒரு ரொட்டி.

தபால் நிலையத்துக்குப் பின்னால் அந்த இரும்புப் பெட்டி.
திறந்தேன்.
ஒரு பல்லி, இரண்டு முட்டை,
வரிசையாய்ப் பச்சை விளக்குகள்.
எல்லாம் எரிந்தன, அதுதான் எனக்கு எரிச்சல்.
குந்தி உட்கார்ந்து கம்பியைச் செருகிக் கேட்டேன்.
பதில் சொல்ல ரவுட்டருக்கு நாற்பது விநாடி ஆனது.
நினைவகம்: மிச்சம் ஒரு சதவீதம்.

புரிந்தது.
வருகிற ஒவ்வொரு போனுக்கும் அது ஒரு வரி எழுதுகிறது.
போன பிறகும் அந்த வரி அப்படியே.
கடன் அடைந்தால் ஆ ஹெங் கோடு போடுவார்.
இதற்குக் கோடு போடத் தெரியவில்லை,
யாரோ எங்கோ எழுதிய மென்பொருளில்
அந்த ஒரு சொல் விடுபட்டுப்போயிருக்கிறது.
பதினோராம் நாள் தாள் தீர்கிறது.

பதிப்பு ஏற்றிய நாள்: ஜூலை இருபத்து மூன்று, நள்ளிரவு.
ஏற்றியவர்: தவமலர்.
அது நான்தான்.
சம்மதமா என்று இரண்டு முறை கேட்டது,
இரண்டு முறையும் கொட்டாவியோடு தட்டிய ஞாபகம்.

மூடிய புகாரைத் திரும்பத் திறந்து எழுதினேன்:
காரணம் மென்பொருள். பன்றி அல்ல.

பழசுக்கே போய்விடலாமே என்றார் சர்குணன்.
பழசில் ஒரு கள்ளக்கதவு திறந்து கிடந்தது,
அதை அடைக்கத்தான் புதுசே வந்தது, ஐயா.
திருத்தம் எப்போது என்று கம்பெனியைக் கேட்டால்
பரிசீலனையில் உள்ளது.

அதனால் பத்தாம் நாள்தோறும்
விடிகாலை மூன்று மணிக்கு
மோட்டாரில் வந்து அதை அணைத்து எழுப்பினேன்.
முன்கூட்டியே கிளினிக் தாதி ரோஸ்னாவுக்கு ஒரு அழைப்பு,
ஆலைக் காவலருக்கு ஒரு அழைப்பு.
நான்கு நிமிடம்.
ஊர் முழுக்க இணைப்பறுந்து தூங்கியது.
நாய்கள் மட்டும் என்னைக் குரைத்தன.

அக்டோபரில் திருத்தம் வந்தது.
கூடவே ஒரு வரிக் குறிப்பு:
சில சூழல்களில் நினைவகம் மெல்லக் குறையும் சிக்கல்
சரிசெய்யப்பட்டது.
சில சூழல்கள்.
அதற்குள் முப்பத்தெட்டு லாரியும்
ஷஃபீக்குலின் மனைவியும் அடக்கம்.

இம்முறை கொட்டாவி விடாமல் ஏற்றினேன்.
பதினோராம் நாள் வந்தது. பெட்டியருகே நின்றேன்.
பன்னிரண்டு. பதின்மூன்று.
பல்லி முட்டைகள் பொரிந்து ஓடுகள் கிடந்தன.
ஒன்றும் நடக்கவில்லை என்று
யாரிடம் போய்ச் சொல்வது?

ஆ ஹெங்கிடம் பழைய பாக்கியைக் கொடுத்தேன்.
நோட்டில் என்னைச் சீனத்தில் எழுதியிருந்தார்.
என்ன என்று கேட்டால்
‘இன்டர்நெட் அக்கா’ என்று சிரித்தார்.
பேனா எழுதவில்லை. உதறினார்,
காதருகே ஆட்டினார், வேறொன்று தேடினார்.
கோடு விழும்வரை
நான் அங்கேயே நின்றேன்.